தோட்டத்துப் புதையல் கதைகளை யார் எழுதி வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயன் வீடுகளை இடிக்கத் தொடங்கினாலே, போர்க்காலத்தில் ஜப்பான்காரன் புதைத்த தங்கம் என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால், ஆலமரத்தடி, தூர்ந்த கிணறு என்று ஆளுக்கொரு இடம் சொல்வார்கள், முனியாண்டி காவல் இருக்கிறார், தலைச்சன் பிள்ளையைக் கேட்கிறார் என்பார்கள், அப்புறம் எலுமிச்சம்பழத்தோடு ஒரு ஆசாமி வந்து பூஜைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவார்.

அயர்லாந்துக் கிராமங்களிலும் இதே கதைதான். அங்கே தங்கத்தைப் புதைத்தது டேனியர்கள், அதாவது அந்தக் காலத்தில் படையெடுத்து வந்த வைக்கிங்குகளாம். ஒரு ஆளைக் கொன்று குழியில் போட்டுக் காவல் வைத்தார்களாம், மூன்று இரவு ஒரே கனவு வந்தவன் போய்த் தோண்டினால் கறுப்பு நாயோ காளையோ பாயுமாம். நம்மவர் பூசாரியைக் கூப்பிடுவதுபோல் அவர்கள் பாதிரியாரைக் கூட்டிப் போனார்கள்!

ஆனால் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். 1937 முதல் 1939 வரை ஆரம்பப் பள்ளி மாணவர்களை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பி, ஏறக்குறைய 5,000 பள்ளிகளில் இந்தக் கதைகளைக் கையால் எழுத வைத்தார்கள். புதையலுக்கென்றே தனித் தலைப்பு இருந்தது. அந்த நோட்டுகள் இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன.

எல்லாம் வெறும் கதை என்றும் தள்ள முடியாது. அயர்லாந்தில் தேவதைகள் குடியிருக்கும் இடம் என்று பயந்து உழாமல் விட்ட பழைய வட்ட மண்கோட்டைகள் சிலவற்றுக்கு அடியில் கல் அடுக்கிய சுரங்கங்கள் நிஜமாகவே உண்டு. அப்படி ஒரு கோட்டையில்தான் 1868இல் உருளைக்கிழங்கு தோண்டும்போது ஆர்டா கிண்ணம் என்று பேர்பெற்ற பழைய வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது, கனவு கண்டு போனவனுக்கு இல்லை. 1980இல் அதே நாட்டில் டெரினஃப்ளான் என்ற இடத்தில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போன அப்பாவும் மகனும் எடுத்த பழம்பொருள்கள் நீதிமன்றம் வரை போய், 1987இல் அரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. இங்கேயும் 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மண்ணில் பழம்பொருள் கிடைத்தால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ராத்திரியில் மண்வெட்டி தூக்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகின்றன. ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். கதையோடு எந்தத் தோட்டம், எந்த லயன், யார் சொன்னது என்பதையும் எழுதட்டும். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் அரைப்பக்கம் ஒதுக்கினால் போதும், எங்கள் ஊரிலிருந்து முதல் கட்டு நானே அனுப்பி வைக்கிறேன்.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட்.