கோப்பை கழுவிய குசினிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

போன சனிக்கிழமை எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் நான் பிரெஞ்சில் ஒரு பாட்டுப் பாடினேன். ஊரில் தேவாரத்துக்கே என்னைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். இந்த வயதில் இப்படி ஒரு துணிவு தானாக வரவில்லை, தந்தவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்தில் பதற்றத்தில் சொல்லாமல் விட்ட நன்றியை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, 1988 மாரியில் ரொறன்ரோ உணவகம் ஒன்றின் குசினியில் என்னோடு நின்ற சமையற்காரருக்கு. நான் கோப்பை கழுவினேன். அவர் நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரெட்டன் தீவின் ஷெட்டிகாம்ப் ஊர்க்காரர், அக்காடியர்; கனடாவின் கிழக்குக் கரையில் முன்பு குடியேறிய பிரெஞ்சுக்காரரின் வழிவந்தவர். இரவு பதினொரு மணிக்கு அடுப்பை நிற்பாட்டியதும், அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டியபடி, போன சனிக்கிழமை நான் பாடிய அதே பாட்டைப் பாடத் தொடங்குவார். ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் நடுவே ஒரு இழுவை. எனக்கு ஆங்கிலமே அரைகுறை, பிரெஞ்சு எங்கே விளங்கும்? ஆனாலும் ஒரு இடத்தில் அவர் குரல் தணியும்போது என் கை சவர்க்காரத் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிடும்.

ஒருநாள் கருத்தைக் கேட்டேன். நாடு கடத்தப்பட்டவன் ஒருவன் ஆற்றங்கரையில் குந்தியிருந்து, ஓடுகிற தண்ணீரிடம் சொல்கிறானாம்: என் ஊரைக் கண்டால், சிநேகிதர்களை நான் மறக்கவில்லை என்று சொல்லிவிடு. நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லிவிட்ட சத்திமுத்தப் புலவரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். அதை அவருக்கு விளக்க அன்று என் இங்கிலீஷ் காணாது. கோப்பையைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

"இது எங்கட சனத்தின்ர பாட்டு" என்ற கருத்தில் நெஞ்சில் தட்டிக் காட்டுவார். 1755இல் ஆங்கிலேயர் அக்காடியர்களைத் துரத்தத் தொடங்கியது அவருக்கு நேற்று நடந்த கதை.

பாட்டு அக்காடியருடையது என்பது முழுச் சரியில்லை என்று எனக்குச் சொன்னவர் நூலகத்தில் இருந்த ஒரு பெண்மணி. இரண்டாவது நன்றி அவருக்கு. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1837-38 கிளர்ச்சி தோற்றபின் கீழ்க் கனடாவில் (இன்றைய கியூபெக்) இருந்து 58 பேரை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தத் துயரத்தில், 1842இல், அந்துவான் ஜெரின்-லஜுவா என்ற மாணவன் பழைய நாட்டார் மெட்டொன்றுக்கு எழுதிய 'அலைந்து திரியும் கனடியன்' (Un Canadien errant) என்ற பாட்டாம் இது. 'கனடியன்' என்ற சொல்லை 'அக்காடியன்' என்று மாற்றி அக்காடியர் பின்னால் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதைச் சமையற்காரரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மெட்டுக்குள் நானும் களவாக என் ஊரை வைத்திருந்தேனே, நான் யார் அவரைத் திருத்த?

அந்த அம்மாதான் கனடியப் பாடகர் கோர்டன் லைட்ஃபுட்டின் கசெட்டையும் கையில் தந்தார். 1975 நவம்பர் 10இல் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் பாட்டு அதில் இருந்தது. போன 29 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கப்பலாட்களின் கவனக்குறைவு என்று பொருள்படக்கூடிய ஒரு வரியை 2010இல் லைட்ஃபுட் மேடையில் மாற்றிப் பாடத் தொடங்கினார். ஊருலகம் மனப்பாடம் செய்துவிட்ட பாட்டு, எழுதியும் முப்பது வருடத்துக்கு மேல். அந்தக் குடும்பங்களின் மனம் நோகக்கூடாதாம். கனடாக்காரரின் குணம் என்னவென்று யாரும் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். 2023 மே 1இல் அவர் காலமானபோது டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தில் மணி முப்பது தரம் அடித்தார்கள், இருபத்தொன்பதும் அவருக்கொன்றும்.

ஒரு குறை சொல்லாமல் விடமாட்டேன். கனடாவின் நூற்றாண்டு விழாவுக்காக லைட்ஃபுட் எழுதி, 1967 புதுவருடத்தன்று நாட்டின் பொது ஒலிபரப்பான சிபிசியில் ஒலித்த ரயில்பாதைப் பாட்டில், மலையைக் குடைந்து செத்த சீனத் தொழிலாளர் பற்றி ஒரு சொல் இல்லை. பாட்டு நல்ல பாட்டு. குறை குறைதான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாவது நன்றி. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள். என் 'ற'கரத்தைத் தொண்டைக்குள் இறக்க ஆறு கிழமை பாடுபட்டாள். "அங்கிள், காறித் துப்புறமாதிரிச் சொல்லுங்கோ" என்றாள், வந்துவிட்டது. ஆர்மோனியம் வாசித்த தம்பிக்கும், ஆறு கிழமையும் காதைப் பொத்தாமல் இருந்த என் மனைவிக்கும் நன்றி.

சமையற்காரரே, நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. பாடகர் ஸ்ரான் றோஜர்ஸின் கசெட் ஒன்று இரவல் தந்தீர்கள். அவர் ஹமில்டனில் பிறந்தவர் என்று நான் சொல்ல, தாய் தகப்பன் நோவா ஸ்கோஷியா என்று சண்டைக்கு வந்தீர்கள். 1983இல் விமானத் தீயில், 33 வயதில் அவர் போன கதையைச் சொல்லும்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்தக் கசெட் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கம் நாடா சிக்கி, பென்சிலால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கெட்டுப்போயிற்று, மன்னிக்க வேண்டும். ஷெட்டிகாம்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரைக் கண்டால், கோப்பை கழுவின பொடியன் பாடிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய கோப்பைக்காரன்