கறுப்புக் குதிரையின் தராசு: சுங்கை சிப்புட் சபைப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் வேதபாடம் நடத்துகிறவர்களுக்கும், தோத்திரம்.

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை மறுபடி வேதபாடத்துக்கு எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் மிருகங்களும் அம்புக்குறிகளும் நாட்டுக் கொடிகளும் வரைந்த அந்தப் பழைய கடைசிக்காலப் படமும் கூடவே சுவருக்கு வருகிறதாம். அதனால்தான் இந்த மடல்.

நம் ஊரில் இந்தப் புத்தகத்தைப் பெரும்பாலும் பத்திரிகைச் செய்தியோடு பொருத்தித்தான் படித்திருக்கிறோம். பார்கோடு வந்தபோது, வாங்கவும் விற்கவும் தேவைப்படும் என்று 13-ஆம் அதிகாரம் சொல்லும் மிருகத்தின் முத்திரை அதுதான் என்றார்கள். 2001-இல் சிப் வைத்த அடையாள அட்டை மைகாட் வந்ததும் முத்திரை அதற்கு மாறியது. பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா செயலி. (அதற்காக மைகாட் எடுக்காமல் இருந்த மூப்பர் யாரையும் நான் பார்த்ததில்லை.) தேதி குறிக்கிற ஆசையும் புதிதல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள், தானியேல் 8-இல் வரும் 2300 நாளை 2300 வருஷமாகக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 அன்று இயேசு திரும்பி வருவார் என்று வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மறுநாளும் பொழுது விடிந்தது.

இத்தனைக்கும், பல அடையாளங்களுக்கு வேதமே பொருள் சொல்லிவிடுகிறது. தரிசனத்தில் கண்ட ஆட்டுக்கடா மேதியா பெர்சியா, வெள்ளாட்டுக்கடா கிரேக்கு என்று தானியேலுக்கு காபிரியேலே சொல்கிறான். ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள். எபேசு முதல் லவோதிக்கேயா வரை எல்லாம் இன்றைய துருக்கியில் இருந்த ஊர்கள். ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17-ஆம் அதிகாரத்தில் கேட்டவுடன், ஏழு மலைமேல் இருந்த ரோமாபுரியைத்தான் யோவான் சொல்கிறார் என்று அந்தச் சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரோமச் சக்கரவர்த்தி நீரோ இராயனின் பெயரை ‘நீரோன்’ என்று எபிரெய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால், மிருகத்தின் எண்ணான 666 வருகிறது. நீரோனின் கடைசி ‘ன்’ போனால் 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் அந்த எண்ணே இருக்கிறது. நான் இதற்காகச் சண்டை போட வரவில்லை. முதலில் கேட்டவர்களுக்குப் புரிந்த புத்தகம் இது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ஆறாம் அதிகாரத்தில், முத்திரையிட்ட புத்தகச் சுருளின் மூன்றாம் முத்திரை உடைக்கப்படும்போது வருவதைப் பற்றி. படத்தில் அதற்கு ஒரு மூலைதான் கிடைக்கும். கறுப்புக் குதிரை, அதில் ஏறியிருப்பவன் கையில் தராசு. ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை என்று ஒரு சத்தம். ஒரு பணம் என்பது அன்றைக்கு ஒரு நாள் கூலி. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக்காரன் பேசிய அதே கூலி. அந்தப் படி ஓர் ஆள் ஒரு நாள் சாப்பிடப் போதும். அப்புறம் வீட்டில் இருக்கிற பிள்ளைகள்? எண்ணெயையும் திராட்சரசத்தையும் மட்டும் சேதப்படுத்தக் கூடாதாம். பணம் கொழிக்கும் பயிருக்குப் பாதுகாப்பு, சோற்றுக்குப் பஞ்சம்.

இதற்கு விரிவுரை எதற்கு? மலை மலையாக ரப்பரை நட்டுவிட்டு, அரிசிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாடு இது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக் கப்பல் நின்றது. ரப்பர் மரம் அப்படியே நின்றது. நம் ஆட்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். எத்தனையோ பேரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. தராசும் நமக்குத் தெரியாததா? ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்து, பாலில் எவ்வளவு ரப்பர் என்று அளக்கும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி எழுதினதுதான் கணக்கு. அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கக்கூடப் பயந்த தலைமுறை நம் சபையின் பின்வரிசையில் இருக்கிறது.

18-ஆம் அதிகாரத்தையும் அவர்களோடு படித்துப் பாருங்கள். பாபிலோன் விழுந்ததும் வியாபாரிகள் அழுகிறார்கள், சரக்கு வாங்க ஆளில்லையே என்று. நீண்ட சரக்குப் பட்டியல்: பொன்னில் ஆரம்பித்து, முத்து, பட்டு, தந்தம், மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, ரதம் என்று போய், கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்களில் முடிகிறது. பட்மு தீவில் இருந்து இதை எழுதிய யோவானுக்கு வணிகக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கப்பலில் வந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பேரேட்டில் கடனோடு பதிவானவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்த வரியைத் தாண்டி, வருங்காலத்தில் எந்த நாடு பாபிலோன் என்று தேடுவதற்கு எப்படி மனம் வருகிறதோ!

கேட்பது இதுதான். முதல் வாரம் அந்தப் படத்தைச் சுருட்டியே வையுங்கள். வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்று புத்தகம் தொடக்கத்திலேயே சொல்கிறது. முழுவதையும் உரக்க வாசியுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ஆறாம் அதிகாரம் வந்ததும் பால்மரம் வெட்டிய பாட்டிமார் கையில் மைக்கைக் கொடுங்கள். இன்னொன்று: வெள்ளி இரவு வைத்தால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வர முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வைத்தால் எல்லாரும் இருப்பார்கள், சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபை உறுப்பினர் ஒருவர்