பகிரும்போது உரிமத்தையும் எழுதுங்கள்

நண்பர்களே, குழுவில் வரும் படங்களும் ஒலிப்பதிவுகளும் அருமை. ஆனால் பலவற்றில் உரிமம், அதாவது மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதிக் குறிப்பு, இல்லை. எதுவும் எழுதாவிட்டால் முழுக் காப்புரிமை தானாகவே பொருந்திவிடும். நாம் ஆசையோடு கொடுத்தாலும் மற்றவர்கள் தயங்குவார்கள். "கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0" என்று ஒரு வரி, கூடவே உங்கள் பெயர், அது போதும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யாரும் பகிரலாம், திருத்தலாம் என்பது இதன் பொருள். "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், விக்கிப்பீடியாவுக்கான படங்களும் ஒலிகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகம் ஏற்காது.

அப்புறம், காணொளியின் பின்னணியில் பிறருடைய திரைப்பாடல் ஒலித்தால் நம் உரிமம் அதற்குச் செல்லாது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் நீங்களே பதிவுசெய்த ஒலியைச் சேருங்கள். கேடென்லைவ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் முடித்ததும் வெப்எம் என்ற திறந்த காணொளிக் கோப்பு வடிவில் எடுங்கள். பொதுவகம் எம்பி4 கோப்பை வாங்காது. முடிந்தால் இங்க்ஸ்கேப் (வரைகலை மென்பொருள்), பிளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்) ஆகியவற்றின் திருத்தக்கூடிய மூலக்கோப்புகளையும் அனுப்புங்கள். அடுத்தவர் திருத்தி வளர்க்க அவைதான் உதவும்.