பதினெட்டு வளைவும் நாலு மணித்தியாலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த இதயமாற்றுச் சிகிச்சை பற்றிய கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். நான் மட்டக்களப்பில் 26 வருடம் அம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் இதயத்தை ஏறத்தாழ நாலு மணித்தியாலத்துக்குள் அடுத்த உடம்பில் ஓடவைத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வரிக்கு மேலே என்னால் உடனே படிக்க முடியவில்லை.

மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை, அப்புறம் பதினெட்டு வளைவு மலைவீதி ஏறிக் கண்டி. நாட்டின் முதலாவது இதயமாற்று 2017 இல் கண்டி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. வீதி வெறுமையாகக் கிடக்கும் இரவில் அந்தத் தூரத்தை நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய ஓடியிருக்கிறேன். ஒருநாள் மகாஓயாவுக்கு இங்கால் நடுவீதியில் யானை நின்றுவிட்டது. லைட்டை அணைத்துவிட்டு இருட்டுக்குள் காத்திருந்தோம். பின்னால் நோயாளியோடு இருந்த தாதி, எங்கள் மிஸி, டோர்ச் அடித்து, ஒட்சிசன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தா. இருபது நிமிடம். அந்த நோயாளி பிழைத்தார். ஆனால் பெட்டிக்குள் ஓர் இதயத்தை வைத்துக்கொண்டு அப்படி நின்றிருந்தால்?

இப்போது இந்தக் கணக்கு மாறிக்கொண்டு வருகிறது. அதை நம் பக்கத்து ஆட்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். 2024 ஜனவரியில் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளில் எடுத்த இதயம் ஒன்றை, சாதாரணப் பயணிகள் விமானத்தில் அத்திலாந்திக் கடல் தாண்டி பாரிஸுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். 12 மணித்தியாலம் வெளியில் இருந்த இதயம் அது. வெறும் ஐஸில் இருக்கும் இதயம் ஒட்சிசன் இல்லாமல் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. புதிய பெட்டியில் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. குளிர்ந்த திரவத்தில் ஒட்சிசனைக் கலந்து இதயத்தின் சொந்த இரத்தக்குழாய்களுக்குள்ளேயே ஓடவிடுகிறது. இன்னொரு வகைப் பெட்டியில் சூடான இரத்தம் ஓட, இதயம் துடித்துக்கொண்டே பயணம் போகிறது. நின்றுபோன இதயத்தையே அப்படி மீண்டும் துடிக்கவைத்து, 2014 இல் சிட்னியில் பொருத்தினார்கள். அதுவரை மூளைச்சாவு அடைந்து, இதயம் இன்னும் துடிக்கிற ஆளிடமிருந்து மட்டும்தான் எடுப்பது வழக்கம்.

எக்மோ பற்றியும் ஒரு வார்த்தை. ஜெயலலிதாவையும் எஸ்.பி.பி.யையும் வைத்து, எக்மோவில் போட்டால் ஆள் முடிந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அது சரியல்ல. இரத்தத்தை வெளியே எடுத்து, ஒட்சிசன் ஏற்றி, திருப்பி உடம்புக்குள் அனுப்பும் இயந்திரம் அது. இதயமும் நுரையீரலும் ஓய்வெடுக்க, நாட்கணக்கில், வாரக்கணக்கில்கூட ஆளைத் தாங்கும். மாற்று இதயம் கிடைக்கும்வரை காத்திருப்பவருக்கு அது ஒரு பாலம். 1975 இல் அமெரிக்காவில் டொக்டர் பார்ட்லெட் பிறந்த குழந்தை ஒன்றை இதில் வைத்துக் காப்பாற்றினார். தாய் விட்டுப்போன அந்தப் பிள்ளைக்குத் தாதிமார் வைத்த பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று அர்த்தம்.

சரி, தூரத்தை இயந்திரம் வெல்லட்டும். இதயத்தைக் கொடுக்கும்படி குடும்பத்திடம் யார் கேட்பது?

என் தங்கச்சியின் மகனுக்கு 22 வயது. மோட்டார் சைக்கிள் விபத்து. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் இயந்திரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மூளை செத்துவிட்டது என்று ஒரு டொக்டர் சொன்னார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தங்கச்சிக்குத் தமிழில் சொன்னேன். காலைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரம் தோன்றவில்லை. ஆண்டுத் திவசத்துக்குப் படைத்துவிட்டு இருக்கும்போது தங்கச்சி சொன்னாள்: "அண்ணன், ஆராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பனே. எங்கேயோ ஓரிடத்தில துடிச்சிக்கொண்டு இருந்திருக்கும்."

உறுப்பு மாற்றத்துக்கான சட்டம் நம் நாட்டில் 1987 இலேயே வந்துவிட்டது. கண்தானத்தில் இலங்கைக்கு உலகம் எங்கும் பெயர். ஆகையால் கொடுக்க மனமில்லாத நாடல்ல இது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில், துக்கத்தில் இருக்கும் தாய் தகப்பனோடு தமிழில் உட்கார்ந்து பேசத் தெரிந்த, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆளாவது இருக்க வேண்டும். வாட்டு வேலைக்கு நடுவே மிஸிமார் செய்யட்டும் என்று விட்டுவிட முடியாது. பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களோடும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, எப்போது தருவார்கள், சடங்கு பிந்துமா என்பதுதான் சனங்களின் முதல் கேள்வியாக இருக்கும். சுகாதாரத் திணைக்களத்தினர் இதைப் படித்தால் தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்.

என் விருப்பத்தை எழுதிக் கையெழுத்து வைத்து, அடையாள அட்டையோடு பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறேன். மனைவிக்கும் மகள்மார் இரண்டு பேருக்கும் சொல்லியாயிற்று. எனக்கு 64 வயது. இதயம் பயன்படாவிட்டாலும் கண் இரண்டும் பயன்படும்.

ஓய்வுபெற்ற அம்புலன்ஸ் சாரதி,
களுவாஞ்சிகுடி.