குஞ்சு கொடுக்கும் கம்பெனிகளுக்கு: மருந்துச் சீட்டு எங்கே?

கோழிக் கம்பெனி மேனேஜர்களுக்கு வணக்கமுங்க.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 3,000 கோழி ஷெட் வைத்திருக்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து உங்களுடையது, ஷெட்டும் கரண்டும் உடம்பு நோவும் என்னுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி (அது கட்டுபடியாகவில்லை என்பது வேறு கதை). இப்போது என் சண்டை அந்த மருந்தைப் பற்றித்தான்.

போன பேட்ச்சில் நாலு கோழி தூங்கி விழுந்ததும் உங்கள் சூப்பர்வைசர் தம்பி லேபிள் கிழித்த பாட்டிலோடு வந்து, "டேங்க்கில் கலக்கிவிடுங்கண்ணா" என்றார். என்ன மருந்து என்றால், "சளி மருந்து". நோவு நாலுக்கு, குடித்தது மூவாயிரமும். அதிலும் பாருங்கள், நோவு வந்த கோழி தண்ணீர்ப் பக்கமே போகாது, நன்றாக இருப்பதுதான் வயிறு முட்டக் குடிக்கும். இப்படி அரைகுறையாக மருந்து உள்ளே போனால் சாக வேண்டிய கிருமி செத்து, தாங்கிக்கொண்டது மட்டும் மிஞ்சிப் பெருகும்.

அப்புறம் ஒரு நாள் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு நேராக 'ஆர்' என்று போட்டிருந்தது, அதாவது அந்த மருந்து கேட்காது. அந்தக் கிருமி என் ஷெட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, யாராலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோழிக்குக் கொடுக்கிற என்ரோஃப்ளாக்ஸசின் அந்த சிப்ரோஃப்ளாக்ஸசினுக்குப் பங்காளி மருந்துதான், அமெரிக்காவில் 2005-லேயே கோழிக்கு நிறுத்திவிட்டார்கள். மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் கொலிஸ்டினை இங்கே 2019-இல் மத்திய அரசு கோழி, கால்நடை, தீவனம் எதற்கும் கூடாதென்று தடை செய்தது. லேபிள் கிழிந்த பாட்டிலில் எது இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?

வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பீர்கள். சரி, சாகும். கறிக்கடையில் அறுக்கிறவர் கை வெந்தா இருக்கிறது? என் ஷெட்டு எரு தென்னந்தோப்புக்குப் போகிறது, அதையும் வேகவைத்தா கொட்டுகிறோம்?

இங்கே கேரளத்தில் 2024-லிருந்து சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்றால் மெடிக்கல் கடைக்காரர் மேல் நடவடிக்கை. எனக்குச் சீட்டு வேண்டும், மூவாயிரம் கோழிக்கு வேண்டாமா?

மருந்தின் பெயர், எழுதிக்கொடுத்த கால்நடை மருத்துவர் கையெழுத்து, நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கோழி பிடிக்கலாம் என்ற கணக்கு, இவை மூன்றும் ஒரு துண்டுச் சீட்டில் வந்தால் போதும். போன தடவை முந்தின நாள் வரை மருந்துத் தண்ணீர், மறுநாள் விடிகாலையில் பிடிவண்டி. இனி சீட்டு வராமல் டேங்க் மூடியைத் திறக்க மாட்டேனுங்க, சூப்பர்வைசர் தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.