மரக்கடைசல், மரச்செதுக்குச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டும் தவறாமல் நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்துப் போனவர்கள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு ஏதாவது சொல்லலாம்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் படுத்தியது வெடிப்புதான். தொடக்கத்தில் நல்ல பச்சை மரத்துண்டுகள் கிடைத்தன. எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. பச்சை மரத்தில் உளி வழுக்கிக்கொண்டு போகும், சீவல் சுருள்சுருளாகப் பறக்கும், முகக்கவசத்தில் சாறு தெறிக்கும். அந்த மயக்கத்தில் ஒரே நாளில் கடைந்து, மெருகும் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன கிண்ணங்கள் ஏழு. மூன்று கோணிப்போய் முட்டை வடிவமாயின. நான்கு வெடித்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. இரவில் அலமாரியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். எலி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை விரல்நகம் நுழையும் அளவுக்குக் கீறல்.

வெடித்த நான்கிலும் மரத்தின் மையத்தண்டு உள்ளேயே இருந்தது. காயும்போது மரம், மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் போக்கில் சுருங்கும். மையம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் அந்த இழுப்புக்குப் போக்கிடம் இல்லை, பிளந்துதான் தீரும். இதை நமக்கு முன்பே சொன்ன மூத்த உறுப்பினர், “சொன்னேனே” என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கூடுதலாக உறைத்தது.

அவர் சொல்லிக்கொடுத்த முறையில்தான் இப்போது வேலை நடக்கிறது. மையத்தை அறுத்து நீக்கிவிட்டு, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் வைத்து முரடாகக் கடைய வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் 1 அங்குலம். நார் வெட்டுப்பட்ட பக்கங்களில் மெழுகு பூசி, காற்று நேராக அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். அடியில் பென்சிலால் தேதியும் எடையும். என் இரண்டாவது கிண்ணம் 1,420 கிராமில் தொடங்கி, மாதக்கணக்கில் இறங்கி, 940இல் நின்றது. மூன்று வாரம் எடை அசையவில்லை என்றதும் மறுபடி லேத்தில், அதாவது மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தில், ஏற்றினேன். அதுவும் கோணித்தான் இருந்தது. ஆனால் கனம் மிச்சம் இருந்ததால் வட்டத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

அப்புறம் சாணைத் தகராறு. கடைசல்காரர்களுக்கு எச்எஸ்எஸ் எனும் அதிவேக எஃகு உளிகள்; கல்லில் கொஞ்சம் சூடேறினால் பொருட்டில்லை. செதுக்குபவர்களிடம் பெரும்பாலும் கார்பன் எஃகு. சூட்டில் முனை நீலமானால் எஃகின் கடினம் போனது போனதுதான், நீலப் பகுதியைத் தேய்த்தே எடுக்க வேண்டும். யாரோ அவசரத்தில் ஒருவருடைய உளியை நீலமாக்கிவிட, இரண்டு தரப்பும் இரண்டு கூட்டத்துக்குப் பேசிக்கொள்ளவில்லை. இனி செதுக்கு உளிகள் தண்ணீர்க் கல்லில் மட்டும், கடைசியில் தோல்பட்டையில் இழுப்பு. தீட்டிய உளியை மென்மரத்தில் நாருக்குக் குறுக்கே ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். வெட்டு பளபளத்தால் சரி. நடுவில் ஒரு வெள்ளைக்கோடு ஓடினால் முனையில் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது. புதியவர்கள் “மரம் சரியில்லை” என்று கொண்டுவந்ததில் பெரும்பாதி, என் கணக்கில், மொட்டை உளிதான்.

லேத்தில் உளி கடித்துக் கிண்ணம் எகிறியது ஒரு முறை. முகக்கவசம் இருந்ததால் கடைந்தவர் தப்பித்தார். முதலில் உளி தாங்கியில் படிய வேண்டும், அடுத்து அதன் தீட்டிய சரிவு மரத்தை உரச வேண்டும், கடைசியில்தான் முனை வெட்ட வேண்டும். அவர் முனையை முதலில் கொடுத்துவிட்டார்.

பெரிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினோம். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு ஒருவர் திரும்பி வந்தபோது கூடையிலிருந்து புகை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். கசங்கிய துணிக்குள் சூடு அடைபட்டால் நெருப்புப் பெட்டியே தேவையில்லை. இனி துணிகளை வெளியே விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்க வேண்டும்.

தூசி முகமூடி போடச் சொன்னால் சிரிக்கிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்து 1995இலேயே வெளியிட்டுவிட்டது.

மனம் நிறைந்த கூட்டம் என்றால், லேத்தின் வரலாறு பற்றிய பேச்சைச் சொல்வேன். எகிப்தில் பெட்டோசிரிஸ் கல்லறையில், கி.மு. 300 வாக்கில் செதுக்கிய சிற்பத்தில், ஒருவர் வாரை இழுத்து மரத்தைச் சுழற்ற மற்றவர் உளி பிடிக்கிறார். வார் முன்னும் பின்னும் போவதால் மரம் பாதி நேரம்தான் உளியை நோக்கிச் சுழலும். பேச்சு முடிந்ததும் இருவர் கயிறு கட்டிச் செய்து பார்த்தார்கள். வார் இழுத்தவர் மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை என்றார்.

உலர் அலமாரியின் மேல்தட்டில் தேதியும் எடையும் இல்லாமல் ஆறு கிண்ணங்கள் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குள் யாரும் கேட்காவிட்டால் புதியவர்கள் பழகக் கொடுத்துவிடுவோம். ஒன்றின் அடியில் ‘தொடாதே’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதை எழுதிய கையோடு எடையையும் எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்