பெயர் கேட்காமல் வந்துவிட்டேன், மிஸ்ஸி

போன மாதம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில், சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) காலில் புண்ணோடு கிடந்த அம்மாவைக் கவனித்த இரவு நேர நர்ஸ் மிஸ்ஸிக்கு நன்றி.

மருந்து கட்டிக்கொண்டே கேட்டீர்களே: தோட்டத்து லய வீட்டிலிருந்து கக்கூசுக்கு எத்தனை படி? கொழுந்து பறிக்கப் போகையில் என்ன செருப்பு? ராத்திரிக்கு ரொட்டியா, சோறா? எனக்கோ டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்றிருந்தது. "சீனி குறைஞ்சிருச்சே, இனி சுகம்தானே?" என்றேன். "அம்மா பயமில்லாம எழும்பி நடந்து, தானே தேத்தண்ணி ஊத்திக் குடிக்கணும் தம்பி. அதுதான் சுகம்" என்றீர்கள்.

நோயில்லாதது மட்டும் சுகமல்ல. உடல், மனம், சமூக வாழ்வு எல்லாம் நன்றாயிருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம் 1948 முதல் சொல்கிறது. எனக்கு அது உங்கள் வாயால்தான் விளங்கியது.

அப்புறம், படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாச்சு. அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.